ஐந்தாம் அதிகாரம்: மாவுக்கட்டும் எலும்பின் மெலிவும்

மதுரையில் வைகைக்கு வடகரையில், மாவட்ட நீதிமன்றமும் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் வண்டியூர்க் கண்மாயும் அருகருகே அமைந்த கே.கே. நகரில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டிக்கொண்டவர்களும், பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் அனுப்பிவிட்டு இருவராகவோ தனியாகவோ காலம் கழிப்பவர்களுமாக முதியோர் பலர் வசிக்கிறார்கள். இவர்களுள் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஸ்திரீ ஒருவர், விடியற்காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்து, கட்டைப் பிரித்ததும், “நல்லவேளை மதினி, கையோட போச்சு” என்று உறவினர் ஆறுதல் சொல்ல, பழையபடி அடுக்களைக்குத் திரும்பிவிடுவது நாம் எல்லாரும் அறிந்த விஷயம். இந்த அதிகாரம் அந்த ஆறுதலை மறுப்பதற்காகவே எழுதப்படுகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்த மாத்திரத்தில் எலும்பு முறியுமானால், அதற்கு வாசல் ஈரம் ஒரு நிமித்தமே தவிர, மூல காரணம் எலும்பினுள் பல்லாண்டுகளாக ஓசையின்றி நடந்துவந்த மெலிவாகவே பெரும்பாலும் இருக்கும். நாமோ முறிவைக் கட்டுகிறோம்; முறிந்த எலும்பு எப்படிப்பட்டது என்று விசாரிப்பதில்லை.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்களும், அரித்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதில் இடையறாது தொழிற்படுகின்றன. வயது வந்தோரின் எலும்புக்கூடு முழுவதும் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் இவ்வாறு புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. பால்ய வயதில் கட்டுமானம் விஞ்சி நிற்கிறது. இருபத்தைந்து முதல் முப்பது வயதுக்குள் எலும்பு தன் உச்ச திண்மையை அடைகிறது. பின்னர் அரிப்பு மெல்ல மேலோங்குகிறது. சரீர வளர்ச்சி மிகத் துரிதமாக நடக்கும் இரண்டே ஆண்டுகளில், ஒருவருடைய ஆயுட்கால எலும்புச் சுண்ணத்தின் கால்பங்கு படிந்துவிடுகிறதென்று கண்டிருக்கிறார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து உபசரிக்கும் நம் வழக்கம் அந்தப் பருவத்தோடு ஒட்டியே வருவது கவனிக்கத்தக்கது. ஆனால் அதைச் சடங்கு நாட்களோடு நிறுத்திவிட்டு, மறுமாதமே பள்ளிக்குப் பட்டினியாக ஓடவிடுவதில் பயனில்லை. இந்நூலை வாசிக்கும் பாட்டிமார், தம் எலும்பைப் போலவே பேத்தியின் எலும்பையும் இந்த வயதில் கவனிக்கவேண்டும்.

ஸ்திரீகளின் எலும்பைக் காத்து நிற்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மாதவிடாய் நின்றவுடன் அது குன்றிப்போவதால், அதற்கடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பிழப்பு மிக வேகமாக நிகழ்கிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 என்றால், நம் நாட்டில் அது 46, 47 அளவிலேயே இருக்கிறது. ஆகவே நம்மவர்க்கு இழப்பும் முன்கூட்டியே ஆரம்பமாகிறது. இதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. உதிரப்போக்கு அதிகம் என்பதற்காக முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் மதுரையைச் சுற்றிய கிராமங்களிலும் நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குச் சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டனவா இல்லையா என்பதே தெரியாது. சினைப்பைகள் இரண்டும் போயிருந்தால், அறுவை நடந்த நாளே எலும்பைப் பொறுத்தவரை மாதவிடாய் நின்ற நாள். அந்தப் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடியெடுத்து, என்னென்ன எடுக்கப்பட்டன என்று ஒரு வைத்தியரைக் கொண்டு படித்து அறிந்துகொள்வது, விலை உயர்ந்த எந்தப் பரிசோதனைக்கும் குறையாத பிரயோஜனம் உடையது.

எலும்பு மிகவும் மெலிந்துபோகும் எலும்புப்புரை மேல்நாட்டு வெள்ளையரின் வியாதி என்றும், வெயிலும் உழைப்பும் மிகுந்த நம் நாட்டில் அரிதென்றும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், அப்பகுதியில் நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இடுப்பிலோ முதுகெலும்பிலோ எலும்புப்புரை காணப்பட்டது. வைட்டமின் டி போதாதவர்களும் ஏறக்குறைய அதே அளவினர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஏழைக் குடும்பத்துப் பெண்களிடையே நடத்திய ஆய்வும் இளவயதிலேயே எலும்பு மெலிந்திருப்பதைக் காட்டிற்று. இடுப்பெலும்பு முறிவு நம் நாட்டில் மேல்நாட்டைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே நேர்கிறதென்பது எலும்பு வைத்தியர்கள் பலரும் கூறும் அநுபவம்.

முறிவைக் கட்டுவதோடு நில்லாமல் அதன் மூலத்தையும் விசாரிக்க, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த எவர் எலும்பு முறிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், அதற்கென நியமிக்கப்பட்ட செவிலியர் அவரைப் பிடித்து நிறுத்தி, எலும்பின் திண்மையை அளக்கச் செய்து, தேவையானால் மருந்து தொடங்கும்வரை விடுவதில்லை. பல தேசங்கள் இம்முறையைப் பின்பற்றிவருகின்றன. நம் ஊரில் கட்டுப் போடுபவர் கட்டோடு தம் கடமையை முடித்துக்கொள்வதால், அச்செவிலியரின் வேலையை நோயாளியும் அவர் குடும்பத்தாருமே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு முறிவு கண்டவருக்கு மறுமுறிவு நேரும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஐவரில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொரு முதுகெலும்பு முறிகிறது.

முதுகெலும்பு முறிவு பல சமயம் வலியே இல்லாமல், அல்லது சாதாரண முதுகுப்பிடிப்பென்று எண்ணும்படி வந்துபோவதுதான் இதிலுள்ள சூது. பஸ்ஸின் கடைசி இருக்கையிலோ ஸ்கூட்டரின் பின்புறத்திலோ உட்கார்ந்து வேகத்தடையில் தூக்கிப்போட்டபோது “சுருக்”கென்று பிடித்த முதுகு, இரண்டு வாரம் தைலம் தேய்த்துச் சரியாகிவிட்டதென்று நினைத்த முதுகு, உண்மையில் நசுங்கிய எலும்பாக இருக்கக்கூடும். ஆகவே, இளமையில் அளந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும், கூன் விழத் தொடங்கியிருந்தாலும், ரவிக்கை முன்போலப் பொருந்தாமல் முன்பக்கம் தொங்கி முதுகுப்பக்கம் இழுத்தாலும், ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடவேண்டும். முழங்கால் வலி வேறு. அது மூட்டுத் தேய்மானம். எலும்பு மெலிவு முறிவு வரும்வரை வலிப்பதில்லை.

எலும்பின் திண்மையை அளக்கும் நம்பகமான பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் கீழ்முதுகையும் மிகச் சொற்பமான எக்ஸ் கதிரால் அளந்து, இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு டி ஸ்கோர் என்னும் எண்ணைத் தருகிறார்கள். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தபடி, அது மைனஸ் 1-க்கு மேலிருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையிலிருந்தால் மெலிவு, மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ ஆனால் எலும்புப்புரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு எண் நன்றாயிருந்தும் எலும்பு முறிவதுண்டு என்பதையும், நின்ற நிலையில் விழுந்து இடுப்போ முதுகோ முறிந்தவருக்கு எண் எதுவாயினும் சிகிச்சை வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். மருந்துக்கடை வாசலிலும் குடியிருப்போர் சங்கக் கூடத்திலும் இலவச முகாம் போட்டுக் குதிகாலை ஒரு கருவியில் வைக்கச்சொல்லி அளப்பது சந்தேகத்தை எழுப்புவதற்கு உதவலாம். அதைக்கொண்டு நோயுண்டு என்றும் சொல்லமுடியாது, இல்லையென்றும் சொல்லமுடியாது. அம்முகாமின் முடிவில் ஒரு டப்பா மாத்திரையும் விற்கப்படுமானால், அளவையின் நோக்கம் யாதென்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அறுபத்தைந்து வயதான எல்லாப் பெண்களும், அதற்கு முன்னரே மாதவிடாய் நின்று, பெற்றோருக்கு இடுப்பு முறிந்த சரித்திரமோ, தைராய்டு மிகுதியோ, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு உண்ட அநுபவமோ உள்ளவர்களும் டெக்ஸா எடுத்துக்கொள்வது தகும். ஆடவர்க்கும் இவ்வியாதி வருகிறது; குடியும் பீடியும் அதை விரைவுபடுத்துகின்றன. மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் சூரணம் உண்டு இரண்டே நாளில் வலி மாயமாக மறைந்ததென்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று ஐயுறவேண்டும்.

இனி ஆகாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்த ஆண் பெண் இருபாலாருக்கும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. கே.கே. நகரில் ஒரு நடுத்தர வீட்டில், காலை மாலை இரு காபி, இட்லி, மத்தியானம் சாதம், சாம்பார், பொரியல், ஒரு கரண்டித் தயிர், இரவு இரண்டு தோசை என்று உண்பவர்களின் கணக்கைப் பார்ப்போம். காபியில் சேரும் பால் மொத்தம் 150 மில்லி என்றால் 180 மில்லிகிராம், தயிரில் 120, அரிசியில் சொற்பம், பருப்பும் காயும் சேர்ந்து நூறோ நூற்றைம்பதோ. ஆக, 500-க்குள் அடங்கிவிடுகிறது. பாதிக்கு மேல் பற்றாக்குறை. இதை நிரப்புவதற்கு மருந்துக்கடைக்குப் போகுமுன் நம் ஊர்த் தானியங்களையும் கீரைகளையும் பார்க்கவேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் பத்துகூட இல்லை. மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில் நம் பாட்டன்மார் உண்ட கேப்பைக்களியையும் கூழையும் நாகரிகம் கருதி நாம் கைவிட்டோம். இன்று அதே கேப்பை, சர்க்கரை நோயாளியின் மாவாக அழகிய பொட்டலத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதை முளைகட்டி அரைத்தாலும், கூழாகப் புளிக்கவைத்தாலும் சுண்ணச்சத்து மேலும் எளிதாக உடலில் சேரும். முருங்கைக்கீரையில் நூறு கிராமுக்கு 300-க்கு மேலும், ஏகாதசி மறுநாள் துவாதசிப் பாரணைக்குச் சமைக்கும் அகத்திக்கீரையில் 900 அளவிலும் கால்சியம் உண்டு. எள்ளில் இன்னும் மிகுதி. ஆயின் அது பெரும்பாலும் மேல்தோலில் இருப்பதால், தோல் நீக்கி வெளுத்த எள்ளில் அந்த அளவு எதிர்பார்க்கலாகாது. கறுப்பெள்ளை வறுத்துப் பொடித்து இட்லிப்பொடியோடு சேர்த்துக்கொள்வது நன்று. பாலக்கீரையின் கால்சியத்தை அதிலுள்ள ஆக்ஸலேட் பிணைத்துக்கொள்வதால், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் எலும்பைப் பற்றி எழுதுவது சாத்தியமில்லை. எலும்பு முறிந்தவருக்கு எலும்பையே வேகவைத்து ஊட்டினால் எலும்பு கூடுமென்ற நம்பிக்கை இங்கு வெகு பலமானது. நாற்பது நாள் தினந்தோறும் தூக்கில் சூப் வாங்கிவந்து தரும் மருமக்களை நான் அறிவேன், அவர்களுடைய அன்பையும் மெச்சுகிறேன். ஆனால் எத்தனை நேரம் வேகவைத்தாலும் எலும்பின் சுண்ணம் நீரில் மிகச் சொற்பமே கரைகிறது. ஒரு கிண்ணம் சூப்பைவிட ஒரு தம்ளர் மோரில் கால்சியம் அதிகம். ருசிக்காகக் குடிக்கலாம், சிகிச்சையென்று எண்ணக்கூடாது. பிரண்டைத் துவையலும் இத்தன்மையதே. அதைப் பற்றிச் சில ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன; ஆகாரமாக அது உகந்தது; வைத்தியர் எழுதிய மருந்தின் ஸ்தானத்தில் அதை வைக்கலாகாது. முதியோர் இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதால் புரதமும் குறைந்துபோகிறது. சுண்டலோ முட்டையோ மீனோ, குறைந்தபட்சம் பருப்புத் துவையலோ வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியாகச் செல்லும் உப்பு, சிறுநீரோடு கால்சியத்தையும் இழுத்துச்செல்கிறது. மாத்திரை அவசியமானால், கால்சியம் கார்பனேட் வகையை ஆகாரத்தோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் உண்ணவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

வெயில் விஷயத்தில் நம்மவர் செய்யும் பிழை விசித்திரமானது. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்தாம் பாகையில் இருப்பதால், வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் இங்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. இருந்தும் குறைபாடு மலிந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு வண்டியூர்க் கண்மாய்க்கரையில் நடந்து இளவெயில் காய்ந்துவிட்டேன் என்று திருப்தியடைபவர், நடையின் பலனைப் பெற்றாரே தவிர வைட்டமினைப் பெறவில்லை. அவ்வேளைக் கதிரில் அந்தக் கூறு அநேகமாக இல்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே, அதாவது முற்பகல் பத்தரைக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் இடைப்பட்ட பொழுதே, அதற்குரியது. மொட்டை மாடியில் வடகம் பிழிந்து, வற்றல் காயவைத்து, காக்கை ஓட்டிக்கொண்டிருந்த தலைமுறையினருக்கு இதைத் தனியே விதிக்கவேண்டியிருக்கவில்லை. முகமும் கைகளும் படும்படி அரைமணி நேரம் போதும். அக்கினி நட்சத்திரத்தில் நிழல் முன்னதாகவே குறுகிவிடுவதால், பத்து மணியோடு முடித்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. குறைபாடு மிகுதியானால் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாகச் சுமார் எட்டு வாரம் எழுதித் தருவார்கள். அதை வாரத்துக்கு ஒன்று என்பதை மறந்து தினந்தோறும் விழுங்கியும், சீட்டை மீண்டும் மீண்டும் கடையில் நீட்டி வருஷக்கணக்கில் வாங்கியும், ரத்தத்தில் கால்சியம் மிகுந்து வாந்தியும் சிறுநீரகக் கேடும் வந்து படுத்தவர்கள் உண்டு. ஜாக்கிரதை தேவை.

எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், விழாதவருக்கு இடுப்பு முறிவது அபூர்வம். ஆகவே வீட்டைச் சோதிக்கவேண்டும். வாசலிலும் போர்ட்டிகோவிலும் பதித்த பளபளப்பான கிரானைட்டும் டைல்ஸும் தண்ணீர் பட்டதும் எதிரியாகிவிடுகின்றன. தெளித்த நீர் உலர்ந்த பின்னரே முதியோர் அங்கு கால் வைக்கவேண்டும், கோலத்தை நின்றபடி இடுப்பை வளைத்துப் போடாமல் சிறு முக்காலியில் அமர்ந்து போடலாம். குளியலறைக்குச் சொரசொரப்பான தரை, மலக்கூடத்தில் சுவரோடு பிடிப்புக் கம்பி, குந்தி எழ முடியாதவருக்கு உயரமான இருக்கை, படுக்கையிலிருந்து கழிவறை வரை அணையாத சிறு விளக்கு — இவை ஒரு நாள் கொத்தனார், ஒரு நாள் எலெக்ட்ரீஷியன் வேலை. இடுப்பு அறுவை சிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பாதத்துக்கு எண்ணெய் தடவாதிருப்பது நலம். தூக்கமாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இரவில் எழும்போது தலைசுற்றலைத் தரும். படுக்கையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழவேண்டும். கண்புரை முற்றிய கண்ணோடு படியிறங்குவதற்கு, அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்து அண்ணா நகரிலேயே இருக்கும் இவ்வூரில், சமாதானம் எதுவும் சொல்லமுடியாது.

அப்பியாசத்தில், நடை நல்லது. அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், பிடிப்புக்கு அருகில் ஒற்றைக்காலில் நிற்றல், தண்ணீர் நிரப்பிய அரைலிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்குதல் ஆகியவை தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுத்துச் சமநிலையையும் காக்கும். முதுகெலும்பு மெலிந்தவர்கள் பச்சிமோத்தாசனம், ஹலாசனம் முதலிய, முன்னால் வளையும் ஆசனங்களைக் கைவிடவேண்டும்; ஆசிரியர் எத்துணைச் சிறந்தவராயினும் இதில் தாட்சண்யம் கூடாது. தண்ணீர் லாரியிலிருந்து நிறைகுடத்தைக் குனிந்து தூக்கித் திரும்புவதும் அவ்வகையே. குடத்தைப் பாதியாக நிரப்பி இருமுறை நடக்கலாம்.

இத்தனைக்கும் மேல் ஒருவர் விழுந்து, எழ முடியாமல், ஒரு கால் குறுகிப் பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பெலும்பு முறிவென்றே கொள்ளவேண்டும். இழுக்கக்கூடாது, நீவக்கூடாது, தைலம் தேய்க்கக்கூடாது. அசையாமல் பலகையிலோ ஸ்ட்ரெச்சரிலோ ஏற்றி, 108-ஐ அழைத்து, கோரிப்பாளையத்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ எலும்பு அறுவை வசதியுள்ள வேறிடத்துக்கோ கொண்டுசெல்லவேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச்செல்லுங்கள். புத்தூர்க் கட்டின் மீது நம் மக்களுக்குள்ள பக்தி அறிந்ததே. கைவிரலோ முன்கையோ முறிந்த வாலிபருக்கு அது பலித்திருக்கலாம். முதியவரின் இடுப்புக்கு அது ஒருபோதும் பொருந்தாது. கட்டி மூன்று மாதம் படுக்கப்போட்டால், எலும்பு கூடுகிறதோ இல்லையோ, படுக்கைப் புண்ணும் நுரையீரல் ஜுரமும் ரத்தக்கட்டும் வந்து சேரும். இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் சிகிச்சை. அவ்வளவு செய்தும், உலகெங்கும் இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். வீடு திரும்பியபின் இயன்முறைப் பயிற்சி வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேர்வு வைத்தியருடையது, ஒழுங்கு நோயாளியுடையது. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறுந்தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் காபி குடிக்காமலும் இருக்கவேண்டும். மதுரைக்காரருக்கு அந்தக் காபி விதி கடினந்தான், ஆயினும் அதை மீறினால் மருந்து உடலில் சேராது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சோலெட்ரானிக் அமிலம் ஆண்டுக்கொருமுறை ரத்தநாளம் வழியாக ஏற்றப்படுவது. முதல் தடவை இரண்டொரு நாள் ஜுரமும் உடம்புவலியும் வரலாம். இவற்றைத் தொடங்குமுன் சிறுநீரகச் சோதனை செய்து, பிடுங்கவேண்டிய பல் இருந்தால் பிடுங்கி முடித்துவிடவேண்டும். மிகவும் நலிந்தவருக்கு எலும்பைப் புதிதாகக் கட்டும் டெரிபராடைட் ஊசி தினந்தோறும் இரண்டாண்டுக்கு மேற்படாமல் தரப்படும், விலை அதிகம். டெனோசுமாப் என்பது ஆறு மாதத்துக்கொருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. முன்சொன்ன மாத்திரையைச் சில ஆண்டுகளுக்குப் பின் வைத்தியர் இடைநிறுத்திப் பார்ப்பதுண்டு. இந்த ஊசியை அவ்வாறு நிறுத்தவே முடியாது, ஏனெனில் நிறுத்திய சில மாதங்களில் தடுத்துவைத்த அரிப்பெல்லாம் ஒருசேரப் பாய்ந்து, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே சமயத்தில் முறிவதுண்டு. ஆகவே பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போவதானாலும், உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும், கையில் பணம் முடையானாலும், மாற்று மருந்தை வைத்தியர் எழுதித் தராதவரை இந்த ஊசியின் தவணையை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.